தவறு செய்தால் தாங்கும் குதிரையைத் தேடுங்கள்

என் அப்பா பினாங்குப் பந்தயத் திடலில் சைஸாக இருந்தவர். குதிரையைக் குளிப்பாட்டி, தீனி போட்டு, கால் பிடித்துவிடுகிறவரை லாயத்தில் சைஸ் என்றுதான் அழைப்பார்கள். விடியற்காலை நான்கரை மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு, திடல் இருந்த பத்து கந்தோங் பக்கம் கிளம்பிவிடுவார். வெயில் ஏறுவதற்குள் குதிரைகளை ஓட்டி முடித்தாக வேண்டும். பள்ளி விடுமுறையில் பின்னால் உட்கார்ந்து நானும் போவேன். குதிரையின் காலைத் தொட்டுப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான். இன்று கோலாலம்பூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கிறேன். "மகளுக்கு ஒரு நல்ல குதிரையாகப் பார்த்துச் சொல்லுங்கள், அக்கா" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் மகளைப் பற்றித்தான் கேட்பேன். குதிரைப் பேச்சு அதற்குப் பிறகு.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2024 அக்டோபரில் சிங்கப்பூரில் பந்தயம் நின்றது. 2025 மே மாதக் கடைசியில், 1864இல் தொடங்கிய பினாங்குப் பந்தயக் கழகத்தின் திடலிலும் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. அப்பா உயிரோடு இருந்திருந்தால் அன்று சாப்பிட்டிருக்க மாட்டார். திடல் மூடினாலும் குதிரைக்குப் பசிக்கும். அவற்றுக்கு வீடு வேண்டும். பந்தயம் ஓடி ஓய்ந்த குதிரை குறைந்த விலைக்கு, சில சமயம் இலவசமாகவே கிடைக்கிறது. தானமாக வந்த மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். குதிரை விஷயத்தில் தயவுசெய்து பல்லையும் பாருங்கள், காலையும் பாருங்கள், எல்லாவற்றுக்கும் முன்னால் உங்களைப் பாருங்கள்.

நான் செய்த பிழையிலிருந்தே தொடங்குகிறேன். கற்பிக்க வந்த புதிதில், நாற்பது வயதுக்கு மேல் ஏறக் கற்றுக்கொண்ட ஒரு பெண்மணிக்காக, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு குதிரையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். செம்பழுப்பு நிறம், நல்ல கால், தெளிந்த கண், கடிக்காது, உதைக்காது. குழந்தைகூடக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போகலாம். குதிரையில் ஒரு குறையும் இல்லை. அந்த அம்மாவிடம் மட்டும் ஒரு பழக்கம் இருந்தது. பயம் வந்தால் லகானை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். பயந்தால் கையில் இருப்பதை இறுக்குவது மனித இயல்புதானே! ஆனால் அந்தக் குதிரை ஐந்து வருடம் பந்தயப் பள்ளியில் படித்தது. லகான் இறுகினால் கடிவாளத்தின் மேல் சாய்ந்து ஓடு என்பதுதான் அங்கே அதற்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அவர் இறுக்கினார், அது ஓடியது. அது ஓடியதால் அவர் இன்னும் இறுக்கினார். வேலியோரத்தில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. எலும்பு கூடியது, மறுபடி குதிரை ஏறும் துணிவு அவருக்கு வரவே இல்லை. அதே குதிரையைப் பிறகு பதினேழு வயதுப் பையன் ஒருவன் எடுத்துக்கொண்டான். லேசான கை, பதறாத உடம்பு. இருவரும் பல ஆண்டுகள் ஒன்றாக இருந்தார்கள்.

அன்று முதல் எந்தக் குதிரையைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: இந்த ஆள் தவறு செய்யும்போது இந்தக் குதிரை என்ன செய்யும்? ஆள் சரியாக ஏறும்போது எல்லாக் குதிரையும் நல்ல குதிரைதான்.

அதனால் முதலில் உங்கள் தவறு எது என்று கண்டுபிடியுங்கள். உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். பயந்தால் முன்னால் குனிகிறீர்களா, முழங்காலை இறுக்குகிறீர்களா, லகானை விட்டுவிடுகிறீர்களா? கடைசியாக விழுந்தபோது அன்றே மறுபடி ஏறினீர்களா, அடுத்த வாரமா? வாரத்தில் உண்மையாகவே எத்தனை நாள் வர முடியும்? ஆறு நாள் வருவேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பரீட்சை வரும், ஷா ஆலம் நெடுஞ்சாலையில் நெரிசல் வரும், மழை வரும். கடைசியில் இரண்டு நாள்தான். இரண்டு நாள் ஏறுகிறவருக்கு, ஐந்து நாள் சும்மா நின்றாலும் ஆறாவது நாள் அதே குணத்தோடு வருகிற குதிரை வேண்டும். தினமும் ஓடிப் பழகிய இளங்குதிரையை லாயத்தில் நிற்க வைத்தால் அது தீனியின் சூட்டையெல்லாம் உங்கள் மேல்தான் இறக்கும்.

அடுத்து உடல் எடை. சேணமும் ஆளும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலான கணக்கு. நம் ஊர் வெக்கையில் நான் இன்னும் குறைத்து, நூற்றுக்குப் பதினைந்தை ஒட்டி வைத்துக்கொள்கிறேன். 450 கிலோ குதிரை என்றால் ஏறக்குறைய 68 கிலோ. அதில் சேணமே எட்டுப் பத்துக் கிலோ போய்விடும். குதிரையை நிறுக்கத் தராசு இல்லாவிட்டால் தையல்காரரின் அளவு நாடாவே போதும். முன்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்து, அந்த சென்டிமீட்டரை அதே எண்ணால் பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரை உள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880ஆல் வகுங்கள். மார்பு 180, நீளம் 165 என்றால் 450 கிலோ வரும். பத்து இருபது கிலோ முன்பின் இருக்கும், பரவாயில்லை.

உயரத்தைக் 'கை'க் கணக்கில் சொல்வார்கள். ஒரு கை 4 அங்குலம். பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டிலிருந்து தரைக்கு அளப்பார்கள். 14 கை 2 அங்குலத்துக்குள் இருந்தால் மட்டக்குதிரை. பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை எடுப்பதுபோல் வளர்ச்சிக்கு இடம் விட்டுக் குதிரை வாங்குகிற பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். "இரண்டு வருடத்தில் வளர்ந்துவிடுவாள், இப்போதே 16 கையாக எடுத்துவிடலாமே" என்பார்கள். அந்த இரண்டு வருடமும் அவள் கால் குதிரையின் விலாவுக்குப் பாதிகூட எட்டாது. கால் எட்டாதவளின் பேச்சைக் குதிரை எப்படிக் கேட்கும்? இன்றைய காலுக்கு வாங்குங்கள்.

பிள்ளையும் குட்டிக்குதிரையும் சேர்ந்து வளரட்டும் என்ற ஆசை இன்னும் ஆபத்தானது. கேட்க இனிக்கும், நானும் சிறுமியாக இருந்தபோது அப்பாவிடம் அதைத்தான் கேட்டேன். ஒருவருக்காவது வேலை தெரிந்திருக்க வேண்டும். புதிதாக ஏறுகிறவருக்கு எட்டு வயதிலிருந்து பதினைந்து வரை உள்ள குதிரை பொருத்தம். கால் நன்றாக இருந்தால் பதினெட்டு வயதுக் குதிரைக்கும் நான் சரி என்பேன். குதிரை இருபத்தைந்து, முப்பது வயது வரை வாழும். வயதான குதிரை பார்க்காத கூத்து இல்லை, எதற்கும் பதறாது.

குதிரையின் வயதை, விற்கிறவர் வாயிலிருந்து மட்டும் தெரிந்துகொள்ளாதீர்கள். ஐந்து வயதில் வாய் நிரம்பிவிடும். பத்து வயதை ஒட்டி, மேல்தாடையின் ஓரத்து வெட்டுப்பல்லில், ஈறு விளிம்பில் ஒரு பழுப்புப் பள்ளம் தலைகாட்டும். அது பல்லின் பாதிக்கு இறங்கியிருந்தால் சுமார் பதினைந்து, அடிவரை இறங்கியிருந்தால் சுமார் இருபது. நம் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்தவை. அந்த இரண்டு நாட்டுப் பந்தயக் குதிரைக்கெல்லாம் ஆகஸ்ட் 1தான் கணக்குக்குப் பிறந்தநாள். ஆஸ்திரேலியக் குதிரை என்றால் தோளில் சூட்டுக்குறியைத் தேடுங்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு எண்கள் இருக்கும். கீழே இருப்பது பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம். மயிரை நீவிவிட்டு அந்த எண்ணை வாசிக்கும்போது குதிரையின் பிறப்புச் சான்றிதழையே தொட்டுப் பார்ப்பதுபோல் இருக்கும்.

என் அத்தை இன்றைக்கும் 'சுழி சுத்தமா?' என்றுதான் கேட்பார். சுழி அதிர்ஷ்டம் தரும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் பார்க்கத்தான் செய்கிறேன். குதிரையின் ஆவணத்தில் நெற்றிச்சுழி, கழுத்துச்சுழி எங்கே இருக்கிறது என்று படம் போட்டுக் குறித்திருப்பார்கள். காகிதத்தில் உள்ள குதிரையும் எதிரில் நிற்கிற குதிரையும் ஒன்றுதானா என்பதைச் சுழி சொல்லிவிடும்.

இனி போய்ப் பார்ப்பது. பன்னிரண்டு வயது மகளோடு ஒரு தம்பி என்னை அழைத்துக்கொண்டு போனார். விற்கிறவர் ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார். நான் எட்டேகாலுக்கே போகச் சொன்னேன். கறுப்புக் குதிரை, 16 கை 2 அங்குலம், சினிமாவில் ராஜா ஏறுவதுபோல் இருந்தது. தம்பிக்கு வாசலிலேயே மனம் விழுந்துவிட்டது. நான் அதன் முதுகில் கை வைத்தேன். மேலே துடைத்திருந்தார்கள், மயிர் பளபளத்தது. விரலை எதிர்ப்புறமாக நீவியதும் அடிமயிர் ஈரம். சேணம் உட்காரும் இடத்தின் வடிவிலேயே ஈரம். வயிற்றுப்பட்டை ஓடும் இடத்தில் உப்புக் கோடு. தொட்டியில் காலைப் புல் அப்படியே கிடந்தது. நாங்கள் வருவதற்கு முன்னாலேயே நீளக் கயிற்றில் நெடுநேரம் சுற்றவிட்டு அதன் தெம்பை வடித்திருக்கிறார்கள். ஒன்பது மணிக்குப் போயிருந்தால் சாதுவான குதிரை என்று வாங்கியிருப்போம். அந்தத் தம்பியிடம், "இது களைத்த குதிரை. சாதுவா இல்லையா என்பது நமக்கு இன்னும் தெரியாது" என்றேன். திரும்பி வந்துவிட்டோம்.

ஆகவே சொன்ன நேரத்துக்கு முன்னால் போங்கள், இரண்டாவது முறை வேறு நேரத்தில் போங்கள். குதிரை லாயத்தில் தனியாக இருக்கும்போது கால் மணி நேரம் பேசாமல் நின்று பாருங்கள். கட்டையைக் கடித்துக் காற்று விழுங்குகிறதா, ஓயாமல் இடமும் வலமும் அசைந்துகொண்டிருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். கீழுதடு தொங்க, தலையைத் தாழ்த்தித் தூங்கி வழிந்தால் மருந்து கொடுத்திருக்கக் கூடும்; இன்னொரு நாள் வாருங்கள். வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது காதை மடித்துக் கடிக்க வந்தால் அதைக் கெட்ட குணம் என்று ஒதுக்காதீர்கள். முதுகு வலி இருக்கலாம், வயிற்றுப் புண் இருக்கலாம். பந்தயத்தில் இருந்த குதிரைகளுக்கு வயிற்றுப் புண் மிகவும் சாதாரணம். குதிரையின் குணமறிந்துதான் ஆண்டவன் கொம்பு கொடுக்கவில்லை என்று ஒரு பழமொழி உண்டு. குதிரைகளோடு வளர்ந்தவளுக்கு அதைக் கேட்டால் வருத்தமாக இருக்கும். வலியைச் சொல்ல அதற்கு வேறு என்ன வழி?

காலுக்கு வருவோம். அப்பா சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொல்கிறேன். காலையில், குதிரை வேலை செய்யும் முன், முன்முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாக விரலால் மெல்லப் பிடித்துக்கொண்டு கணுக்கால் வரை இறங்குங்கள். தசைநார் இழுத்துக் கட்டிய கயிறு போல் நேராக, இறுக்கமாக, குளிர்ச்சியாக இருக்க வேண்டும். நடுவில் சிறு வாழைப்பழத்தின் வளைவுபோல் தடித்திருந்தால் அந்த நார் ஒரு காலத்தில் கிழிந்து ஆறியது. ஆறிய நாரோடு மெதுவான சவாரிக்கு வருஷக்கணக்கில் உழைக்கும் குதிரைகள் உண்டு. தடை தாண்டுவதற்கு வாங்க வேண்டாம். பிறகு புறங்கையை வைத்து இரண்டு கால்களின் சூட்டையும் ஒப்பிடுங்கள். உள்ளங்கை ஏமாற்றும், புறங்கை ஏமாற்றாது என்பார் அப்பா.

அடுத்ததாகக் குளம்பைத் தூக்கிப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் குளம்பின் அடியில் உள்ள முக்கோணச் சதை அழுகும். மூக்கை அருகில் கொண்டுபோனாலே தெரிந்துவிடும், கருவாட்டுக் கடையைத் தோற்கடிக்கும் நாற்றம். இது குணமாகக்கூடியது. ஆனால் அந்த லாயத்தில் தினமும் குளம்பு சுத்தம் செய்வதில்லை என்று உங்களுக்குத் தெரிந்துபோகிறது. அதன் பிறகு விற்கிறவர் சொல்லும் மற்றதையும் எடைபோட்டுக் கேட்பீர்கள்.

கெட்டியான தரையில், கயிற்றைத் தளரவிட்டு, மெல்லோட்டத்தில் நேராகப் போய்த் திரும்பி வரச் சொல்லுங்கள். தலையையே பாருங்கள். முன்காலில் வலி இருந்தால், வலிக்கிற கால் தரையில் படும்போது தலையை உயர்த்தும், நல்ல கால் படும்போது தாழ்த்தும். காதால் கேட்பதும் நல்லது. நான்கு குளம்புகளின் ஓசையும் சீராக, தவில்காரர் கை மாறாமல் அடிப்பதுபோல் கேட்க வேண்டும்.

நம் நாட்டுக்கென்றே ஒன்று உண்டு. குளிர்நாட்டுக் குதிரைகளில் சில இந்தப் புழுக்கத்தில் வியர்ப்பதையே நிறுத்திவிடும். லாயத்தில் இதை டிரை கோட் என்பார்கள். வியர்க்காத குதிரை உள்ளே வெந்துபோகும். காலை ஏழு மணிக்கு ஏறிப் பார்த்தால் இது பிடிபடாது. பிற்பகலில் இருபது நிமிடம் வேலை வாங்கிய பிறகு கழுத்தையும் சேணத்தின் அடியையும் தடவுங்கள். நனைந்திருந்தால் நிம்மதி. உலர்ந்த மயிரோடு மூக்கு விரிந்து இரைத்துக்கொண்டு நின்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். நிச்சயமான மருந்து கிடையாது. குளிர்ந்த ஊருக்கு அனுப்பினால்தான் பெரும்பாலும் தேறும். ஓய்வில் இருக்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். வேலை முடிந்த அரை மணியில் விலா அசைவை எண்ணிப் பாருங்கள், அந்த எண்ணிக்கையை நோக்கி இறங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

இப்போது ஏறிப் பார்ப்பது. முதலில் விற்கிறவர் தரப்பில் ஒருவர் ஏற வேண்டும். அவர்கள் ஏற மறுக்கிற குதிரையில் நீங்கள் ஏறாதீர்கள். அடுத்து உங்கள் ஆசிரியர், அதற்கப்புறம் நீங்கள். மூடிய வளையத்துக்குள், தலைக்கவசத்தோடு, நடையில் மட்டும், வேண்டுமென்றே தவறு செய்யுங்கள். ஆசிரியர் முதலில் செய்து காட்டி, பாதகமில்லை என்று சொன்ன பிறகே. லகானை முழுக்கத் தளரவிடுங்கள். இரண்டு எட்டுக்கு இறுக்கிப் பிடித்து விடுங்கள். ஒரு பாதத்தை, கால் வைக்கும் அங்கவடியிலிருந்து கழற்றித் தொங்கவிடுங்கள். உடம்பை ஒருபக்கமாகச் சரித்து உட்காருங்கள். ஒரு குதிரை நின்று, 'என்ன ஆயிற்று?' என்று காதைப் பின்னால் திருப்பும். இன்னொன்று கண்டுகொள்ளாமல் நடந்துகொண்டிருக்கும். மூன்றாவது ஒன்று வேகம் எடுக்கும். புதியவருக்கு முதலாவது, அரைகுறையாகத் தெரிந்தவருக்கு இரண்டாவதும் சரி. மூன்றாவது கெட்ட குதிரை அன்று. சிறு அசைவையும் கேட்கிற காது அதற்கு. உடம்பு அடங்கிய, அனுபவமுள்ள ஆளுக்கு அது பொக்கிஷம். உங்கள் பயத்தையும் அதே கூர்மையோடு அது கேட்கும் என்பதால்தான் இப்போது வேண்டாம் என்கிறேன்.

வளையத்துக்கு வெளியே, மற்றக் குதிரைகளை விட்டுத் தனியாகவும் ஒருமுறை நடத்திப் பாருங்கள். மோட்டார் சைக்கிள், குப்பை லாரி, புதரிலிருந்து பாயும் குரங்கு, பக்கத்துக் கோயிலில் உறுமி மேளம் எல்லாமே இங்கே அன்றாடம். பந்தயத்திலிருந்து நேராக வந்த குதிரை என்றால் அதற்குக் காலால் சொல்லும் மொழி புதிது என்பதை மறக்காதீர்கள். சில மாதம் ஓய்வு, பிறகு மறுபடி அரிச்சுவடி. அதைச் சொல்லிக்கொடுக்க ஆளும் பொறுமையும் இருந்தால் அதைவிட உழைப்பாளி கிடையாது.

பிடித்துவிட்டதா? பணம் கொடுக்கும் முன் கால்நடை மருத்துவர். அந்த லாயத்துக்கு வழக்கமாக வருகிறவரை அழைக்காமல், உங்கள் செலவில் வேறொருவரை அழையுங்கள். இதயம், கண், கால் மூட்டை மடக்கிப் பிடித்து ஓடவிடும் சோதனை, தேவைப்பட்டால் எக்ஸ்ரே. ரத்தமும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பின்னால் சந்தேகம் வந்தால் வலி மருந்து கொடுத்திருந்தார்களா என்று பார்க்கலாம். குதிரையில் என்ன வேலை செய்யப்போகிறீர்கள், யார் ஏறப்போகிறார்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் எந்தக் குறை பொறுக்கத்தக்கது என்று அவர் சொல்ல முடியும். முடிந்தால் ஒரு மாதம் வைத்துப் பார்க்கக் கேளுங்கள், எழுத்தில்.

விலையைப் பற்றி ஒன்றுதான். வாங்கும் தொகை ஒருமுறை, லாய வாடகையும் தீனியும் மாதந்தோறும், ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை லாடம். முதலில் அந்த மாதக் கணக்கைப் போடுங்கள்.

அந்தத் தம்பியின் மகளுக்கு நான்காவதாகப் பார்த்த குதிரையைத்தான் எடுத்தோம். காயடித்த ஆண்குதிரை, பதினான்கு வயது, 14 கை 1 அங்குலம், அழுக்கு வெள்ளை நிறம். ராஜா ஏறுகிற குதிரை இல்லை. பாப்பா வேண்டுமென்றே செய்த தவறுகளை எல்லாம் செய்து முடித்தாள், குதிரை ஒவ்வொன்றுக்கும் வேகத்தைக் குறைத்தது. அப்புறம் வேண்டாமலே ஒரு தவறு நடந்தது. திரும்பும்போது அவள் உண்மையாகவே சரிந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அது நான்கு காலையும் ஊன்றி நின்றது. அவள் நிமிர்ந்து உட்காரும் வரை அசையவில்லை. நான் பார்த்தது போதும் என்று சொல்லிவிட்டேன்.

கிளம்பும் முன் அந்த லாயத்து சைஸிடம் போனேன். இதை நீங்களும் கட்டாயம் செய்யுங்கள். உரிமையாளருக்குக் குதிரையின் விலை தெரியும், சைஸுக்குத்தான் குதிரையைத் தெரியும். அறுபதைத் தாண்டிய தமிழர், ஈப்போவில் பந்தயக் குதிரை பார்த்தவர். கடைத் தேநீர்ப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "அண்ணே, நாளைக்கு இதை நான்தான் பார்க்க வேண்டும். எனக்கு என்ன தெரிய வேண்டும்?" என்று கேட்டேன். அவர் விரல் விட்டுச் சொன்னார். இடிச் சத்தத்துக்குப் பயம் இல்லை, பிளாஸ்டிக் பைக்குப் பயம். இடது காதைத் தொடக் கூடாது, தலைவாரைக் கழற்றி மாட்டித்தான் போட வேண்டும். தீனியை மாற்றினால் பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றுவலி வரும். தண்ணீர் வாளியைக் கவிழ்க்கும், அதனால் டயருக்குள் வாளியை வைக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கடைசியாக, "மாலை ஐந்து மணிக்குக் கனைக்கும், தங்கச்சி. நான் கேரட் கொடுக்கிற நேரம்" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.